படித்தேன், புரிந்துகொண்டேன்

சேக் தாவூதிடம் ஒரு கையெழுத்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஹூஸ்டனில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரிந்த சங்கதி. வீட்டு வாடகை ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவர் படித்து முடிக்கும் மட்டும் வீட்டு ஏஜெண்ட் எதிரில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாராம். பள்ளிக்கூடத்திலிருந்து மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போக அனுமதி கேட்டு ஒரு தாள் வந்தால், பதினொரு வயது மகள் ஆஃபீஃபா வாசலில் ஷூ போட்டபடியே கத்துவாள்: "வாப்பா, ஜஸ்ட் சைன் இட்! எவ்ரிபடிஸ் டாட் ஜஸ்ட் சைன்ஸ்!"

"இரும்மா, படிச்சிட்டுப் போடறேன்," என்பார் மனிதர். கண்ணாடியைத் துடைப்பார். பஸ் போய்விடும். பிறகு அவரே காரில் கொண்டுபோய் விடுவார்.

பிறக்கும்போதே இப்படி இல்லை. ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்தான். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

கீழக்கரையில் அவர் குடும்பம் மொத்தமும் வியாபாரம். இவர் ஒருத்தர்தான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வேப்பேரி கால்நடைக் கல்லூரிக்குப் போனார். மாட்டு டாக்டராகி ஊருக்கு வருவார் என்று பார்த்தால், 1997-இல் விமானம் ஏறி நியூ ஜெர்ஸிக்குப் போனார். அங்கே என்ன வேலை? ஒரு மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியில் வெள்ளைச் சுண்டெலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மச்சான்மார்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நாம எலிக்குப் பொறி வைக்கிறோம், இவரு எலிக்கு ஏசி வைக்கிறாரு!" என்று பெருநாள் விருந்துகளில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். அந்த எலிகளுக்கு அவர் ராஜ வைத்தியர். பிறந்த குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடிப்பார். அவர் கையில் இருக்கும்போது எலி கடித்ததே இல்லை என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள்.

அந்தக் கம்பெனி செய்துகொண்டிருந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில குழந்தைகள் ஒரு மரபணு பழுதாகப் பிறக்கிறார்கள். அதனால் கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரையை எடுத்துச் செலவழிக்க அவர்கள் உடம்புக்குத் தெரியாது. சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரம் ஆனால் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவார்கள். அதற்காக இரவும் பகலும் மணி பார்த்து, பச்சைச் சோளமாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல மரபணு ஒன்றை, நோய் தராத வைரஸ் ஒன்றில் ஏற்றி ஊசி போட்டால் கல்லீரல் தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்பது கம்பெனியின் கனவு. எலிகளில் கனவு பலித்திருந்தது. அடுத்து, 2003 ஏப்ரலில் ஏழு குழந்தைகளுக்கு ஊசி போட்டுப் பார்க்கும் ட்ரையலுக்கு ஏற்பாடு.

எலிச் சோதனையை நடத்தியவர் சேனாபதி. கோபிச்செட்டிபாளையத்துக்காரர், தாவூதைவிட ஆறு வயது மூத்தவர், டாக்டர் பட்டம் வாங்கியவர். இரண்டு குடும்பமும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரே அபார்ட்மென்ட் வளாகத்தில் இருந்தன. தினம் ஒரே காரில் போய் ஒரே காரில் வருவார்கள். ஐந்து வருடத்தில் கார் மாறியது, சிநேகிதம் மாறவில்லை. சேனாபதியின் மனைவி கலாவதி அரிசிப் பருப்பு சாதம் செய்தால் தாவூத் வீட்டுக்கு ஒரு டப்பா வரும். இங்கே பிரியாணி செய்தால் அங்கே ஒரு டப்பா போகும்.

இப்போது அந்தக் கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். அந்த மாதிரிக் கம்பெனிகளில் ஆராய்ச்சி செய்கிறவர் ஒவ்வொரு நாளும் செய்ததை ஒரு தடித்த நோட்டில் பேனாவால் எழுத வேண்டும். அடித்துத் திருத்தக் கூடாது, தாள் கிழிக்கக் கூடாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், அந்தச் சோதனையை நடத்தாத ஒருவர் 'படித்தேன், புரிந்துகொண்டேன்' என்ற வரிக்குக் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு வம்பு வழக்கு வந்தால் நீதிபதி முன்னால் வைக்க அதுதான் ஆதாரம்.

சேனாபதியின் சாட்சி யார்? நம் தாவூத்தான். வெள்ளிக்கிழமை மதியம், அவர் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார். சேனாபதி நோட்டோடு வாசலில் நிற்பார். ஒரு வாரத்துப் பக்கங்கள் இருபது. தாவூத் ஒரு கையில் கார் சாவி, ஒரு கையில் பேனாவோடு இருபதிலும் கிறுக்கிவிட்டு ஓடுவார். படிப்பதா? அதெப்படிப் படிப்பது? நம்ம ஆள் எழுதியதை அவர் கண்ணெதிரே ஒவ்வொரு வரியாகப் படித்தால் அவர் மேல் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடாதா? பக்கத்து மேஜைச் சீனாக்காரர் நோட்டை நீட்டினால் தாவூத் வரி விடாமல் படிப்பார், கேள்வி கேட்பார். சேனாபதி அண்ணன் நோட்டை மட்டும் படிக்க மாட்டார். அது மரியாதை என்று நினைத்தார். அடக் கடவுளே, நம் ஜனங்களின் மரியாதை!

2002 அக்டோபரில் அந்த ஏழு குடும்பங்களையும் கம்பெனிக்கு அழைத்து விருந்து வைத்தார்கள். மேகன் என்ற ஆறு வயதுப் பெண் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மூக்கை அழுத்திக்கொண்டு எலிகளையே பார்த்தாள். தாவூத் வெளியே வந்ததும் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஊசி போட்டா அதுக்கு வலிக்குமா?"

"கொஞ்சம் வலிக்கும். நான் பிடிச்சுக்குவேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எனக்குப் போடும்போதும் நீயே வந்து பிடிச்சுக்கோ."

அம்மாக்காரி சிரித்தாள். தாவூத் சரி என்று தலையாட்டினார். ஆறு வயதுப் பிள்ளை கேட்டால் வேறென்ன செய்வார்?

டிசம்பரில் நோன்புப் பெருநாள் வந்தது. "நீங்க லீவு போடுங்க பாய். எலிங்களை நான் பாத்துக்கறேன்," என்றார் சேனாபதி. நல்ல மனசோடுதான் சொன்னார். இரண்டு நாள் கழித்துத் தாவூத் வேலைக்கு வந்தபோது மூன்று எலிகள் இல்லை. செத்துவிட்டன, அழுகிப்போயிருந்தன, அப்புறப்படுத்திவிட்டேன் என்றார் சேனாபதி. ஒன்றரை வயது ஆன எலிகள். கிழடு தட்டினால் சாகத்தானே செய்யும்? அடுத்த வெள்ளி வழக்கம்போல நோட்டு வந்தது, வழக்கம்போலக் கிறுக்கினார், வழக்கம்போல ஓடினார்.

ஜனவரி கடைசியில் எலிக்கூடத்து ஃப்ரீசர் பழுதானது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து வேறு பெட்டியில் அடுக்கும்போது, அடியில் ஒரு பை. அதன் மேல் சேனாபதியின் கையெழுத்தில் பெருநாள் தேதி. உள்ளே மூன்று எலிகள், காதில் எண்வில்லையோடு. அழுகவே இல்லை. மூன்றின் வயிற்றிலும் கத்தியால் நேராகக் கீறிய கோடு.

செத்ததைத் திறந்து பார்க்காமல் விடுவது கால்நடை டாக்டருக்கு ஆகாத காரியம். தாவூத் கையுறையை மாட்டிக்கொண்டார். முதல் எலியின் கல்லீரலில் மிளகு அளவில் நாலைந்து கட்டிகள். இரண்டாவதில் ஒரே கட்டி, மொச்சைக் கொட்டை அளவு. மூன்றாவதைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதில் பாதிக் கல்லீரல் கட்டியாகவே இருந்தது.

எழுந்துபோய் சேனாபதியின் நோட்டை எடுத்தார். அறுபத்தொன்றாம் பக்கம். 'மூன்று எலிகள் அழுகிய நிலையில் கிடந்தன. திறந்து பார்க்க இயலவில்லை. கணக்கில் சேர்க்கவில்லை.' கீழே 'படித்தேன், புரிந்துகொண்டேன்.' அதற்குக் கீழே பளிச்சென்று அவர் கையெழுத்து.

அன்று சாயங்காலம் காரில் சேனாபதிதான் ஓட்டினார். ரூட் 18-இல் பனி பெய்து வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. தாவூத் பையைப் பற்றிச் சொன்னார். சேனாபதி ரொம்ப நேரம் வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரிக்கிற பெட்டியில போட்டிருக்கலாமுங்க பாய். போட மனசு வரல," என்றார் கடைசியில்.

"ஏன் அண்ணே இப்படி எழுதினீங்க?"

"வயசான எலிக்குக் கட்டி வராதுங்களா?"

"ஊசி போடாத எலிங்களுக்கும் அதே வயசுதானே. அதுல ஒண்ணுக்கும் வரலையே."

சேனாபதிக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவருக்குக் கொங்குத் தமிழ் கூடிவிடும். "மூணே மூணு எலிங்க! இருபத்தி நாலுல மூணு! இதைச் சொன்னா ட்ரையல் ரெண்டு வருஷம் நிக்கும். அந்தப் புள்ளைங்க அம்மாமாரெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கும் அஞ்சு மணிக்கும் அலாரம் வெச்சு எந்திரிச்சு மாவு கரைக்கறாங்க. ஒரு நாள் அலாரம் அடிக்கலீன்னா புள்ள காலையில எந்திரிக்காது. அந்தப் பாவத்தை யாருங்க சுமக்கறது? நீங்க சுமப்பீங்களா?"

சேனாபதி சொன்னது பொய்யில்லை, அதுதான் கஷ்டம். அவரைத் திருடன் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அலாரம் வெக்கிறதா, கட்டி வர்றதான்னு அந்த அம்மா முடிவு பண்ணட்டும் அண்ணே," என்றார். "அவங்ககிட்ட மறைக்கிறதுக்கு நாம யாரு?"

அதற்குப் பிறகு வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை. ஐந்து வருடத்தில் முதல் தடவை.

வீட்டில் மனைவி சாலிஹாவிடம் சொன்னார். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சாலிஹா எம்.எஸ்ஸி. படித்தவள். வேலைக்கு வந்தவரின் மனைவி என்ற விசாவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. க்ரீன் கார்டு வரட்டும், வரட்டும் என்று ஆறு வருடமாக வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். கார்டுக்கு மனுப் போட்டது கம்பெனி. தாவூதின் விசாவில் மிச்சம் இருந்தது எட்டே மாதம். ட்ரையல் நின்றால் கம்பெனி ஆடும், கம்பெனி ஆடினால் மனு போகும். இது அவளுக்கு அவரைவிட நன்றாகத் தெரியும்.

"நல்லா இருக்கு! உங்க பேரப் பாத்தாலே ஏர்போர்ட்ல தனியா நிறுத்துறானுங்க. இந்த நேரத்துல நீங்க போய் வெள்ளக்காரன்கிட்ட உன் மருந்து சரியில்லன்னு சொல்லப் போறீங்களா?" என்று பாத்திரத்தைத் தட்டி வைத்தாள். அழுகையும் வந்தது. "ஆறு வருஷங்க. இந்த ஜன்னல் வழியா பார்க்கிங் லாட்டப் பாத்துப் பாத்து எனக்குப் பைத்தியமே புடிச்சிடும் போல இருக்கு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தோசை ஊற்றினாள். இரண்டாவது தோசையைத் திருப்பும்போது, "அந்தப் பொண்ணு, உங்கள வந்து பிடிச்சுக்கச் சொல்லிச்சே, அது பேரு என்னா?" என்றாள்.

"மேகன்."

"நீங்க தலையாட்டிட்டு வந்தீங்கல்ல? அப்ப அது அமானிதம், நம்பி ஒப்படைச்சது. பிடிச்சுக்கறேன்னு சொல்லிட்டு, கட்டி வர்ற ஊசிக்கா அந்தப் புள்ளயப் பிடிப்பீங்க?" என்று தோசையைத் தட்டில் போட்டாள். "போங்க. என்ன ஆவுமோ ஆவட்டும். ஆனா நான் கோவமாத்தான் இருக்கேன், சொல்லிட்டேன்."

மறுநாள் வெள்ளி. தாவூத் தன் நோட்டை எடுத்து ஒரு பக்கம் எழுதினார். எழுத ஒரு மணி நேரம் ஆனது. மதியம் நோட்டோடு சேனாபதியின் அறை வாசலில் போய் நின்றார். எப்போதும் நிற்பவர் அவர், இன்று நிற்பவர் இவர்.

"சாட்சிக் கையெழுத்து வேணும் அண்ணே. படிச்சிட்டுப் போடுங்க."

சேனாபதி வாங்கி வாய்விட்டுப் படித்தார். "'டிசம்பர் 13 அன்று 61-ஆம் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அதை நான் படிக்கவில்லை. இந்த ஐந்து வருடத்தில் அந்த நோட்டுகளில் நான் கையெழுத்திட்ட எந்தப் பக்கத்தையும் படித்ததில்லை. நேற்றுத்தான் படித்தேன். அதில் உள்ளது உண்மை அல்ல. மூன்று எலிகளும் அழுகவில்லை. நேற்று நானே பார்த்தேன்.'" பிறகு கட்டிகளின் அளவு, எண்ணிக்கை, எலிகளின் எண். சேனாபதியின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"என் பேரையே எழுதலீங்களே பாய்."

"என் கையெழுத்தப் பத்தித்தான் எழுத எனக்கு உரிமை இருக்கு. உங்க பக்கத்தப் பத்தி நீங்கதான் எழுதணும்."

சீனாக்காரரிடமே கையெழுத்து வாங்கியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. ஆனால் தாவூதுக்கு மனசு கேட்கவில்லை. இதை அண்ணன் முதலில் மூன்றாம் மனிதர் வாயால் கேட்கக் கூடாது என்று நினைத்தார். இந்த மரியாதையை நான் குறை சொல்ல மாட்டேன்.

சேனாபதி பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கையெழுத்துப் போட்டார். பிறகு தன் நோட்டை இழுத்து வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்துத் தாவூதிடம் நீட்டினார். 'மூன்றையும் நான் திறந்தேன். கட்டிகளைக் கண்டேன். பயந்து மறைத்தேன்.' முழுப் பக்கம். தாவூத் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். புரியாத இடத்தில் கேட்டார். அதன் பிறகே கையெழுத்துப் போட்டார். அன்று பள்ளிவாசலுக்குப் போய்ச் சேரும்போது குத்பா பிரசங்கம் முடிந்திருந்தது, தொழுகையின் கடைசி ரக்அத்துதான் கிடைத்தது.

இருவரும் சேர்ந்தே போய் இரண்டு பக்கங்களையும் தலைமை டாக்டரிடம் கொடுத்தார்கள். அவர் முதலில் கத்தினார், பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பிறகு தானே அரசாங்க மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தார். மிச்சம் இருந்த எலிகளையும் திறந்து பார்த்தார்கள். இன்னும் ஆறில் கட்டி இருந்தது. ட்ரையல் நின்றது. சேனாபதியை அந்த மாதமே அனுப்பிவிட்டார்கள். அவருக்கு க்ரீன் கார்டு முன்பே வந்திருந்ததால் கலிஃபோர்னியாவில் பிளசன்டனுக்குப் போய் வேறு வேலை தேடிக்கொண்டார். ஆராய்ச்சிப் பக்கம் திரும்பவே இல்லை. தாவூதை யாரும் அனுப்பவில்லை, பாராட்டவும் இல்லை. கம்பெனி சுருங்கியது, மனுவும் அதோடு போனது. செப்டம்பரில் குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பினார். இரண்டு வருடம் கழித்து டெக்ஸாஸில் ஒரு பல்கலைக்கழக எலிக்கூடத்தில் வேலை கிடைத்து மறுபடி முதலிலிருந்து வரிசையில் நின்றார். பரமபதத்தில் தொண்ணூற்றொன்பதில் பாம்பு கடித்த கதைதான். இந்த 2009-லும் கார்டு வரவில்லை. சாலிஹா இன்னும் ஜன்னல் வழியாகப் பார்க்கிங் லாட்டைத்தான் பார்க்கிறாள். கோபம் மட்டும் எப்போதோ போய்விட்டது. பெருநாள் அன்று முதல் போன் பிளசன்டனிலிருந்து வரும். சேனாபதி அழுவார், இவர் பேச்சை மாற்றுவார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். தாவூத் நியூ ஜெர்ஸியை விட்டுக் கிளம்பும் முன் நடந்தது. ட்ரையல் நின்றதும், எலிக்கூட ஊழியர் ஒருவர் கண்டுபிடித்ததைச் சொல்லி ஏழு குடும்பங்களுக்கும் கடிதம் போயிற்று. ஒரு நாள் மதியம் வரவேற்பறையிலிருந்து தாவூதுக்குப் போன். எலிகளைப் பிடித்துக்கொள்ளும் மனிதரிடம் பேச வேண்டும் என்று ஓர் அம்மா கேட்கிறாராம். மேகனின் அம்மா. திட்டத்தான் போகிறாள் என்று நினைத்துத் தாவூத் கதவைச் சாத்திவிட்டு ரிசீவரை எடுத்தார்.

அவள் திட்டவில்லை. "உங்களுக்குப் பெண் குழந்தை இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. நாலு வயசு."

"மேகன் உங்க பொண்ணா இருந்தா, இந்த ஊசி போட்டிருப்பீங்களா?"

அந்தப் பக்கம் ஒரு கடிகாரம் ஓடும் சத்தம் தாவூதுக்குக் கேட்டது. "மாட்டேன்," என்றார்.

"அஞ்சு டாக்டருங்ககிட்ட இதே கேள்வியைக் கேட்டேன்," என்றாள் அவள். "ஒருத்தரும் பதில் சொல்லலை." மூக்கை உறிஞ்சினாள். "சரி. மணி ரெண்டாச்சு. அவளுக்கு மாவு கரைக்கணும்."

போனை வைத்துவிட்டாள்.